தண்ணி வந்த சேதி

டான்சானியா முகாம்
7 ஜனவரி 2024

அம்மிணி மைதிலிக்கு அண்ணன் பச்சமுத்து எழுதுவது.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். முகாமுக்குள் நுழையும்போதே எங்கள் போன்களை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். துளை போடும் இடத்துச் சேதி வெளியே கசிந்தால் பங்குச் சந்தையில் பொன்மேரு கம்பெனியின் விலை ஏறும், இறங்கும், வம்பு வரும் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் போனில் பேச விடுகிறார்கள். அப்போதும் தமிழ் தெரிந்த ஸ்டோர் கீப்பர் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறான். அவன் மதுரைக்காரன். வேலையைப் பற்றி வாயைத் திறந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். அதனால் லீவில் ஊருக்கு வரும் மல்லசமுத்திரத்து ஆட்களிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர்கள் திரும்பி வரும்போது உன் பதிலையும் கொடுத்துவிடு.

வண்டி நம் திருச்செங்கோட்டு ரிக் வண்டி மாதிரிதான். அதே சுத்தியல், அதே கம்பிரஷர். ஊரில் தண்ணீருக்குப் போட்டேன், இங்கே தங்கத்துக்குப் போடுகிறேன். மேலே வரும் தூளை மூட்டை பிடித்து லேபுக்கு அனுப்புகிறார்கள். பொழுதெல்லாம் தூளுக்குள்தான் நிற்கிறேன். இருமல் இன்னும் விடவில்லை. டவுன் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சில் தூசி படிந்திருக்கிறது, இந்த வேலையை விட்டுவிடு என்றார். விட்டுவிடலாம், அப்புறம் சோற்றுக்கு என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை.

இந்த ஒப்பந்தம் தீபாவளியோடு முடிகிறது. அதோடு வந்துவிடுவேன். அப்பன் எனக்கு விட்டுப்போன மேட்டுக்காடு இருக்கிறதே, அது போதும். ஊர் ஊராகப் போர் போட்டவன் தன் காட்டில் ஒரு போர் போட நேரமில்லாமல் திரிந்துவிட்டேன். அதைப் போட்டு, இரண்டு மாடு கட்டி, மூச்சு இருக்கிறவரைக்கும் உட்கார்ந்து சாப்பிடுவேன். பவர் பத்திரம் உன் பேரில்தான் இருக்கிறது. வரியை விடாமல் கட்டு.

மாப்பிள்ளை பொன்மேரு பங்கு வாங்கலாமா என்று கேட்கச் சொன்னதாகப் போன வாரம் போனில் இழுத்தாய். பக்கத்தில் ஆள் இருந்ததால் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. மண்ணுக்குள் இருப்பதைச் சொல்ல நான் என்ன சாமியாடியா? கோழிப் பண்ணை வைத்திருப்பவர் கோழியைப் பார்க்கட்டும்.

அண்ணன்
பச்சமுத்து


மோகனூர் ரோடு, நாமக்கல்
25 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு மைதிலி எழுதுவது.

உங்கள் கடிதம் வந்தது. "எனக்குத் தெரியாது" என்று எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். கடிதத்தில் அப்படி எழுதிவிட்டு, போனில் எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டீர்கள். நீங்கள் சாமியாடி இல்லை, கள்ளன்.

இந்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நான், "வேலையெல்லாம் எப்படிங்கண்ணா போகுது?" என்று கேட்டேன். நீங்கள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "எங்க அம்மிணி, போடற பக்கமெல்லாம் தண்ணி வந்துருச்சு" என்றீர்கள். ரிக் வண்டிக்காரன் தங்கச்சிக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? பக்கத்தில் இருக்கிற மதுரைக்காரனுக்கு என்ன புரியும், அவன் குடிக்கிற தண்ணி என்று நினைத்திருப்பான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் உங்கள் மாப்பிள்ளையும் கேட்டார். பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் அக்காகூட இருந்தது. "தம்பிக்கு மூளையப் பாரு" என்று அதுவும் சிரித்தது.

இப்போது ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. தீவனம் விற்கிற விலைக்கும் முட்டை போகிற விலைக்கும் பண்ணையை நம்பி இனி ஒன்றும் ஆகாது. அதனால் திங்கட்கிழமையே போய்ப் பொன்மேரு பங்கு வாங்கிவிட்டோம். கையில் இருந்தது போதவில்லை. மேட்டுக்காட்டை, வட்டிக்கு விடுகிற பைனான்ஸ் சின்னண்ணனிடம் வைத்தோம். அடமானமாக எடுக்க மாட்டேன் என்றார். கிரயமாகத்தான் எழுதிக் கொடுத்தேன், ஆடிக்குள் திருப்பிக்கொள்ளலாம் என்று வாய்ப்பேச்சு. வாங்கிய வாரமே விலை ஏற ஆரம்பித்துவிட்டது அண்ணா. கம்பெனி அறிக்கையிலேயே "கணிக்கப்பட்ட இருப்பு" என்று போட்டிருக்கிறார்கள். இருப்பு என்றால் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நம் முட்டைக் குடோனில் இருப்பு என்று எழுதினால் குடோனுக்குள் முட்டை இருக்கும்.

நீங்கள் வரும்போது காடும் இருக்கும், அதில் போரும் இருக்கும், ஒரு வீடும் இருக்கும். முகம் வாடாமல் இருங்கள். இருமலுக்குச் சித்தரத்தை கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

தங்கை
மைதிலி


டான்சானியா முகாம்
14 ஏப்ரல் 2024

மைதிலி,

சித்திரைப் பிறப்பு அன்றைக்கு இப்படி எழுத வேண்டியிருக்கிறது. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

போன ஞாயிறு போனில், "வாங்கினதை வித்துப் போடு" என்று அடித்துச் சொன்னேன். நீ, "ஆகட்டுங்கண்ணா, ஆகட்டும்" என்று சிரித்தாய். மதுரைக்காரனுக்காக நான் நடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாய் போலிருக்கிறது. நான் நடிக்கவில்லை. எனக்கு நடிக்கவும் தெரியாது.

கேள். ஊரில் போர் போடும்போது வெறும் தூசிப் புகை வந்தால் துக்கம், தண்ணீர் வந்தால் தேங்காய் உடைப்போம். இங்கே தலைகீழ். இங்கே தூள் காய்ந்து வர வேண்டும். அந்தத் தூளில்தான் தங்கம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறார்கள். தண்ணீர் வந்துவிட்டால் மேல் மண்ணும் கீழ் மண்ணும் கலந்து சேறாகிவிடும், அந்தத் துளையை மூடிவிட்டு நகர வேண்டியதுதான். அன்றைக்கு நான் சொன்னது என் தலையெழுத்தை நொந்து சொன்னது. போட்டதெல்லாம் வீண் என்று சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு நீ என் காட்டை எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

இருப்பு என்கிறாயே. எட்ட எட்ட நாலு துளை போட்டார்கள். ஒன்றில் ஏதோ மினுக்கென்றது. அதை வைத்துக்கொண்டு நடுவில் உள்ள பூமி முழுக்கத் தங்கம் என்று கணக்கு எழுதிவிட்டார்கள். அதற்குப் பேர்தான் கணிக்கப்பட்ட இருப்பு. எங்கள் ஜியாலஜிஸ்டே சிரிக்கிறான். பானையில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

காட்டை எழுதும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு கடிதம் போட்டுவிட்டுக் காத்திருந்திருக்கலாம். பவர் கொடுத்தது நீ என் கூடப் பிறந்தவள் என்பதற்காக. இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிஷம் விற்றுக் காட்டை மீட்டு விடு. எனக்குப் போக வேறு இடம் இல்லை.

பச்சமுத்து


நாமக்கல்
2 ஜூன் 2024

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே விலை விழ ஆரம்பித்துவிட்டது. கம்பெனி முதலாளிகளே தங்கள் பங்கை விற்றுவிட்டார்கள் என்று புரோக்கர் ஆபீசில் பேசிக்கொள்கிறார்கள். காலையில் சந்தை திறந்தவுடன், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் விழலாம் என்று வைத்திருக்கிற கீழ் வரம்பைத் தொட்டுப் பூட்டிக்கொள்கிறது. விற்பதற்கு வரிசையில் நிற்கிறோம், வாங்க ஒரு ஆள் இல்லை. உங்கள் மாப்பிள்ளை யாரிடமும் பேசுவதில்லை. ஷெட்டில் கோழிக்குத் தீவனம் போட்டாரா என்றுகூட நான்தான் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

திட்டியிருக்கிறீர்கள். திட்டுங்கள், பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் நானும் ஒன்று கேட்கிறேன். இருபது வருஷம் ரிக் வண்டியில் இருந்தவர் வாயிலிருந்து தண்ணி வந்துருச்சு என்று வந்தால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வேன்? உங்களுக்கு அது தெரியாதா? ஒரு பெருமூச்சு விட்டதற்குப் பதில் ஒரு வார்த்தை சரியாகச் சொல்லியிருக்கக் கூடாதா? தப்பு என் தலையில் மட்டும் இல்லை அண்ணா.

சின்னண்ணன் ஆடி கழித்து ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டேன் என்கிறார். "பத்தரம் எம்பேர்ல இருக்குது அம்மிணி, நா எதுக்குக் காத்திருக்கோணும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். காட்டை அளக்க ஆளும் வந்து போய்விட்டான். நான் வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மூச்சு வாங்க வந்து நிற்கிற போது உங்களுக்கு எதைக் காட்டுவேன் என்று அழுதேன்.

நம் பங்கை மொத்தமாகக் கைமாற்றி எடுத்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார். அவருக்கும் அதே புரோக்கர்தான், அவர் தரும் காசில் காட்டை மீட்டுவிடலாம். விலை விழுந்திருக்கும்போது வாங்கிப்போட்டால் லாபம் என்று அவருக்கே ஆசை. ஆனால் உங்கள் வாயால் ஒரு வார்த்தை கேட்டால்தான் காசை எடுப்பேன் என்கிறார். இது உங்கள் கைக்கு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அவரும் இங்கே இருப்பார்.

உங்களைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. தண்ணீர் வருகிறது என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? வருவதை வருகிறது என்று சொல்லுங்கள். அது போதும். எங்களுக்காக இல்லாவிட்டாலும் உங்கள் காட்டுக்காகச் சொல்லுங்கள். தலைக்கு மேல் வெள்ளம் போய்விட்டது.

மைதிலி


டான்சானியா முகாம்
21 ஜூலை 2024

மைதிலி,

நீ கேட்டதைச் சொல்லிவிட்டேன். போனை எடுப்பதற்கு முன் முடியாது என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குக் காலையில் இருமினபோது துண்டில் ரத்தம் பார்த்தேன். அதைப் பார்த்ததும் மேட்டுக்காட்டு வேப்பமரம் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே படுக்க வேண்டும் என்று ஒரே ஆசையாகிவிட்டது. நீ, "வேலை எப்படிங்கண்ணா?" என்று கேட்டவுடன் தண்ணி வந்துருச்சு என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. உண்மையில் அன்றைக்குத் தண்ணீர் வந்துதான் இருந்தது. சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. இவ்வளவு பெரிய பொய்யை நான் என் ஆயுளில் சொன்னதும் இல்லை.

அந்தப் பக்கம் யாரோ, "மாரியாத்தா" என்று சொன்னது கேட்டது. பொம்பளைக் குரல். கேட்ட குரலாகவும் இருந்தது. யார் அது? பணம் வைத்திருப்பவர் என்று எழுதியிருந்தாய், யார் என்று எழுதவில்லை. அடுத்த ஆளிடம் மறைக்காமல் எழுதி அனுப்பு.

பச்சமுத்து


நாமக்கல்
30 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

முதலில் நல்ல சேதி. காடு திரும்பிவிட்டது. சின்னண்ணன் முகத்தை எட்டு முழத்துக்கு வைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தார். பத்திரம் மறுபடியும் உங்கள் பேரில் பதிவாகி என் பீரோவில் இருக்கிறது. ஐப்பசியில் வந்துவிடுங்கள். வந்தால் இங்கே நாமக்கல்லிலேயே நல்ல டாக்டரிடம் காட்டலாம்.

யார் என்று கேட்டீர்கள். செல்லியம்மாள் அக்கா.

உடனே எனக்குச் சாபம் விடாதீர்கள். நான் போய்க் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அதன் வீட்டுக்காரர் நாச்சிமுத்து மச்சான் லாரி விபத்தில் போனதற்குக் கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருந்த நஷ்டஈடு இந்த வருஷம்தான் வந்தது. மகள் மோனிஷா கல்யாணத்துக்கென்று அக்கா அதைப் பேங்கில் போட்டு வைத்திருந்தது. முதல் தடவை நீங்கள் சொன்னபோது தானும் வாங்காமல் விட்டுவிட்டோமே என்று அதற்கு மனசுக்குள் ஒரே குறை. விலை விழுந்ததும், "கம்மியாக் கெடைக்கற நேரம் பாத்து வாங்கோணும் அம்மிணி, உங்கண்ணன் பொய் சொல்ற ஆளில்ல" என்று அதுவேதான் வந்து கேட்டது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. சொல்லியிருக்க வேண்டும் என்று தெரியும்.

அன்றைக்கு நீங்கள் சொன்னவுடன் எழுந்து போய்த் தேங்காய் உடைத்தது. இப்போது தினமும் பால் கொண்டுவந்து ஊற்றுகிறது, காசு வாங்க மாட்டேன் என்கிறது. "உங்கண்ணன் எங்க ஊட்டுல வெளக்கேத்தி வெச்சாரு" என்கிறது. அந்தப் பாலை நான் குடிப்பதில்லை. என் மகள் கனிஷ்கா ஹாஸ்டலிலிருந்து வந்தால் அவளுக்கும் கொடுப்பதில்லை. கொட்டவும் மனசு வராமல் மோர் ஊற்றி வைத்துவிட்டு அப்புறம் கொட்டுகிறேன்.

சீக்கிரம் வாருங்கள். தனியாக இதைச் சுமக்க முடியவில்லை.

மைதிலி


டான்சானியா முகாம்
6 அக்டோபர் 2024

மைதிலி,

முதல் முதலில் என்னை ரிக் வண்டியில் ஏற்றியது நாச்சிமுத்து மச்சான். அப்போது எனக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ஆந்திராவில் ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டிக்கொண்டு, நான் தூங்கி விழாமல் இருக்க ஊர்க்கதை சொல்லிக்கொண்டே வருவார். ஊருக்கு வந்தால் செல்லியக்கா கையால்தான் சோறு. அவர் செத்ததற்குக் கிடைத்த காசை நான் பிடுங்கிவிட்டேன். அந்தக் காட்டில் இனி எப்படி மாடு கட்டுவேன்? உன் வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டு அக்கா எதிரில் வருமே.

உன்னைத் திட்டி இனி என்ன பயன்? நீ மறைத்தாய், நான் சொன்னேன். சொன்னவன் பாவம்தான் பெரிது.

காட்டை விற்றுவிடு. சின்னண்ணனுக்கே கொடு, அவர்தான் உடனே எடுப்பார். வருகிற பணத்தை அப்படியே அக்காவிடம் கொடுத்து அந்தப் பங்கை நாமே திருப்பி வாங்கிக்கொள்வோம். எவ்வளவு விழுந்திருந்தாலும் சரி, அக்கா கொடுத்த விலைக்கே.

ஒப்பந்தம் தீபாவளியோடு முடிந்தாலும் கணக்குத் தீர்த்து அனுப்ப நவம்பர் கடைசி ஆகும் என்கிறார்கள். நவம்பர் முதல் ஞாயிறு, இந்தக் கடிதம் உன் கையில் இருக்கும். அன்றைக்கு அக்காவைக் கூப்பிட்டு உட்கார வை. நானே சொல்கிறேன். தண்ணி, புகை என்று சுற்றி வளைக்க மாட்டேன். பச்சைத் தமிழில் தங்கம் இல்லை என்று சொல்வேன். மதுரைக்காரன் ரிப்போர்ட் கொடுத்தால் கொடுக்கட்டும். பாஸ்போர்ட் அவர்கள் பீரோவில் இருக்கிறது, பாக்கிச் சம்பளமும் அவர்களிடம்தான். போனால் போகட்டும். இப்போதெல்லாம் மாடிப்படி ஏறினால்கூட நின்று நின்றுதான் ஏறுகிறேன். இனி என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

பச்சமுத்து


நாமக்கல்
20 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

அன்றைக்கு லைன் பாதியில் அறுந்ததோடு சரி. அதற்கப்புறம் வந்த இரண்டு ஞாயிறும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களை என்ன செய்தார்கள்? எங்கே இருக்கிறீர்கள்? சென்னை ஆபீசுக்குப் போன் போட்டால் கம்பெனி விவரம் சொல்வதற்கில்லை என்கிறார்கள். மல்லசமுத்திரத்து ஆள் ஒருவன் நாளைக்குக் கிளம்புகிறான். உங்களைக் கண்ணால் பார்த்துச் சேதி சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

லைன் அறுந்த பிறகு இங்கே நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீங்கள் சொன்னது தெளிவாகத்தான் கேட்டது. "அக்கா, நான் பொய் சொல்லிப்போட்டேன். இங்க தங்கம் இல்லீங்க்கா, போட்ட பணத்தத் திருப்பித் தாரேன் வாங்கிக்குங்க" என்றீர்கள். பின்னால் யாரோ சத்தம் போட்டான். அதோடு அறுந்துவிட்டது. நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். அழும், மண்ணை வாரித் தூற்றும் என்று காத்திருந்தேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. "பக்கத்துல ஆபீசர் நிக்கறானாட்டம் இருக்குது. தம்பி பாவம், எப்பிடிப் பயந்து பேசறாரு பாரு" என்றது.

"இல்லைங்க்கா, நெசமாத்தான் சொல்றாரு" என்றேன். அன்றைக்கு நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணி வந்தால் அங்கே என்ன அர்த்தம் என்று சொன்னேன். காலில் விழுந்தும் சொன்னேன். அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டது. "போன வாரந்தான் இருப்பு இன்னொரு மடங்குன்னு கம்பெனி அறிக்கை உட்டான், வெல ஏறுது. இப்ப வந்து திருப்பிக் குடுன்னு கேக்கறீங்க. எங்கூட்டுக்காரரு உசுருக்குக் கெடைச்ச காசு அம்மிணி அது. ஏமாளின்னு நெனச்சுப்போட்டியா?" என்று கேட்டது. அன்றிலிருந்து பால் வருவதில்லை. எதிரில் பார்த்தால் பேச்சும் இல்லை.

அறிக்கை வந்தது உண்மைதான். மறுபடியும் அதே கணிக்கப்பட்ட இருப்புத்தான். நேற்றுச் சின்னண்ணன் வண்டி அக்கா வீட்டு முன்னால் நின்றது. குடியிருக்கிற வீட்டை அவரிடம் எழுதிக் கொடுத்து அக்கா இன்னும் பங்கு வாங்கிவிட்டதாம். சின்னண்ணனே வெளியில் வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மோனிஷா கதவோரத்தில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காட்டை விற்கவில்லை அண்ணா. விற்று அக்கா கையில் கொடுத்தால், அதற்கும் அந்தப் பங்கையே வாங்கும்.

மைதிலி